ஐந்தாவது அடி

வெண்டல் புரோஹாஸ்காவும் நானும் பதினோரு கோடைகாலம் ஒரே காரில் சுற்றியவர்கள். ஜூன் மாதம் அவன் இசை வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் மூடியதும் விஸ்கான்சினிலிருந்து கிளம்பி வந்து அயோவாவில் என்னை ஏற்றிக்கொள்வான். ஆகஸ்ட் பாதிவரை ஊர் ஊராக டிரம் கோர் போட்டிகள். நூற்றிருபது பிள்ளைகள், பித்தளை வாத்தியமும் டிரம்மும் கொடியுமாக, பதினோரு நிமிஷம் கால்பந்து மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே வாசிப்பார்கள். நாங்கள் மதிப்பெண் போடுவோம். நான் மொத்தக் காட்சிக்கு நடுவர். பார்வையாளர் மாடத்தின் உச்சியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பார்ப்பதை டேப்பில் பேசிப் பதிவு செய்வேன். வெண்டல் டிரம்களுக்கு நடுவர். அவன் வேலை கீழே, பிள்ளைகளுக்கு நடுவிலேயே.

ஒரு கையில் டேப் ரெக்கார்டர், வாயருகே மைக். அவர்கள் ஓடும்போது கூடவே ஓடி, நிற்கும்போது நின்று, கண்ணில் பட்டதை அந்தக் கணமே பேசிப் பதிய வேண்டும். காட்சி முடிந்ததும் அந்த டேப் அணியின் பயிற்சியாளர் கைக்குப் போகும். தாளில் இரண்டு கட்டங்கள். செய்ததை எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பது ஒன்று. செய்தது எவ்வளவு கடினம் என்பது மற்றொன்று. முதல் கட்டத்தை யாரும் போட்டுவிடலாம். இரண்டாவதில்தான் நடுவர்கள் திணறுவார்கள். நின்ற இடத்தில் வாசிக்கிற சிக்கலான சொற்கட்டு பெரிதா, பின்பக்கமாக ஓடிக்கொண்டே வாசிக்கிற எளிய சொற்கட்டு பெரிதா? வெண்டல் திணறியதே கிடையாது. மணிக்கட்டுக்கு எவ்வளவு வேலை, அதே நொடியில் காலுக்கு எவ்வளவு, மூச்சுக்கு எவ்வளவு, பக்கத்து ஆளோடு சேர்ந்து ஒலிக்கக் காதுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற கண் அவனுக்கு. அவன் போட்ட எண்ணை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறு ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். போட்டி முடிந்து பள்ளிக்கூட உணவறையில் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக நடுவர்களிடம் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். டாமரக் என்கிற அணியின் நீல் ஸ்டாங் வெண்டலின் மேசைக்கு வந்தான். வடக்கு மினசோட்டாவிலிருந்து வருகிற சின்ன அணி. பழைய பேருந்துகள். பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் சுரங்க ஊர்க்காரர்கள்.

"டேப்பக் கேட்டேன் சார். 'கை நல்லா வேலை செய்யுது, கால் தூங்குது'ன்னு சொல்லியிருக்கீங்க. தூங்கற காலா சார் அது?"

"உங்க பெரிய டிரம் அஞ்சு பேரும் அந்த வேகமான எடத்துல இருபது செகண்ட் வேலிக்கம்பம் மாதிரி நிக்கறாங்க நீல். இன்னிக்கு உங்களுக்கு முன்னால வந்த அணி அதே சங்கதிய ஓடிட்டே வாசிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் போட்டா நாளைக்கு என் மூஞ்சில யாரு முழிப்பா?"

"அப்போ ஓட விட்டா நம்பர் வருமா?"

"உங்க ஷோவ நான் எழுதக் கூடாதுப்பா. பாத்துச் சொல்றதுதான் என் வேலை."

"வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க."

வெண்டல் பேனா மூடியைத் திருகினான். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. "வரும்," என்றான்.

பெரிய டிரம் வரிசையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர், ஐந்து அளவு. ஒருவர் ஒரு வாக்கியம் பேசுவதில்லை. ஆளுக்கு ஓர் எழுத்தாக ஐந்து பேரும் சேர்ந்து அதைச் சொல்வார்கள். ஒருவர் தவறினால் அந்த இடம் ஓட்டையாகக் கேட்கும். ஐந்தாவது டிரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. டாமரக்கில் அதைச் சுமந்தவள் கோரின் டட்டில். இருபது வயது. நெஞ்சில் மாட்டிக்கொண்டால் மேலே அவளுடைய கண்ணும் தொப்பியும்தான் தெரியும்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, இந்தியானாவில் ஒரு பகல் போட்டி. புல்லே கொதிக்கிற வெயில். நான் மேலே இருந்தேன். டாமரக் அந்த இருபது வினாடிப் பகுதியை மாற்றிக் கொண்டுவந்திருந்தது. ஐந்து பேரும் பின்பக்கமாக ஓடிக்கொண்டே வாசித்தார்கள். எழுந்து நிற்கலாம் போலிருந்தது எனக்கு. கீழே வெண்டல் அவர்களுடைய கைகளைக் கிட்டத்தில் பார்க்க, வரிசையின் கடைசியில், கோரினுக்குப் பின்னால் போய் நின்றான்.

அவள் பின்னால் ஓடி வந்தாள். ஒரு அடி இடைவெளியில் அவனை உணர்ந்திருக்க வேண்டும். அவன்மேல் மோதாமல் உடம்பை அப்படியே முறுக்கினாள். டிரம்மோடு பக்கவாட்டில் விழுந்தாள், டிரம் மேலே. மற்ற நான்கு பேரும் ஓடிக்கொண்டே வாசித்தார்கள். அவர்களுக்கு வேறு வழி சொல்லித்தரப்படவில்லை. வெண்டல் ஒரு கணம் நின்றான், பிறகு நகர்ந்தான். அவள் முழங்கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி எழுந்து, தன் இடத்துக்கு ஓடினாள். கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. நானும் என் மைக்கில் கத்தினேன்: "என்ன பொண்ணுப்பா இவ! விழுந்த சூடு ஆறல, எழுந்து ஓடறா! இதுதான்டா டாமரக்!"

அதற்குப் பிறகும் இரண்டரை நிமிஷம் இருந்தது. அவ்வளவும் வாசித்தாள். கடைசி ஒலி அடங்கி எல்லோரும் மைதானத்தை விட்டு நடந்தபோது அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு பேர் வந்து டிரம்மைக் கழற்றினார்கள். கழற்றியதும் மடிந்து விழுந்தாள்.

இடுப்பெலும்பு. விழுந்தபோது வெறும் விரிசலாகத்தான் இருந்திருக்கும், அந்த இரண்டரை நிமிஷ ஓட்டத்தில்தான் எலும்பு இடம் விட்டு நகர்ந்தது என்று டாக்டர் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். வெண்டல் அன்று கடினத்துக்கான கட்டத்தில் டாமரக்குக்கு அந்த வருஷத்திலேயே பெரிய எண்ணைப் போட்டிருந்தான். டேப் வாங்க வந்தவரிடம் பேட்டரி போய்விட்டது, பதிவாகவில்லை என்றான். நீலிடமும் அதையே சொன்னான். அணியிலும் அவள் ஊரிலும் ஒரே பேச்சுதான்: அந்தப் பெண்ணாகத்தான் எழுந்தாள், யாரும் எழச் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் வெண்டல் வழக்கம்போல் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். ஆனால் காரில் ரேடியோ போட விடவில்லை. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று தலையைத் திருப்பிப் பின் இருக்கையைப் பார்ப்பான். மைதானத்தில் அவன் நடை மாறிவிட்டது. டிரம்காரர்களை விட்டு எட்டியே நின்றான். யாருமே இல்லாத இடத்திலும் ஒதுங்கி வழிவிட்டான். மேலேயிருந்து பார்க்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். அவனோடு ஒரு ஆள் நடக்கிற மாதிரி இருக்கும்.

அவன் தாள்களை ஒருநாள் புரட்டினேன். எந்த ஊர், எந்த அணி என்றில்லை, எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: ஐந்தாவது அடி தாமதம். ஐந்தாவது அடி விட்டுப்போகிறது.

"என்னய்யா இது, நாட்டுல ஒரு அணிக்குமா அஞ்சாவது ஆள் சரியில்ல?" என்றேன்.

"கேக்குதே ஆர்லன். நான் என்ன பண்ண?"

ஜூலையில் இல்லினாயில் ஒரு போட்டி. முடிந்ததும் ஒரு பயிற்சியாளர், முப்பது வயதுக்காரி, வெண்டலின் டேப்போடு உணவறைக்கு வந்தாள். கோபத்தை விடக் குழப்பம்தான் அவள் முகத்தில் இருந்தது. ரெக்கார்டரை மேசையில் வைத்து ஓடவிட்டாள். வெண்டலின் குரல் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்து, திடீரென்று உடைந்தது: "அஞ்சாவது ஆள், பின்னால பாரு. பின்னால ஆள் நிக்குது. பாத்து, பாத்து, நில்லும்மா!"

"சார், எங்ககிட்ட பெரிய டிரம் நாலு பேருதான்," என்றாள் அவள். "ஜூன்லயே ஒருத்தன் வீட்டுக்குப் போயிட்டான். நீங்க யாரச் சொல்றீங்க?"

வெண்டல் சிரிக்கப் பார்த்தான். "வெயில்மா. மன்னிச்சுக்கோ." அவன் கை மேசைக்கடியில் தொடையை அழுத்திப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் காப்பி வாங்கிக்கொண்டு காருக்கு வந்தபோது அவன் ஓட்டுகிற இடத்தில் உட்காராமல் பக்கத்து இருக்கையில் இருந்தான். மடியில் சவரப் பெட்டி. அதற்குள்ளிருந்து ஒரு காலுறையை எடுத்தான். காலுறைக்குள் ஒரு டேப்.

"பேட்டரி போகல," என்றான்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காப்பியைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

"அவ எங்கிட்ட பேசினா. அன்னிக்கு, கீழ கெடக்கும்போது."

"என்ன பேசினா?"

"அத மொதல்ல அவதான் கேக்கணும். ஒனக்குச் சொல்லிட்டேன்னா எனக்கு பாரம் எறங்கிடும். அப்புறம் அவகிட்ட போகவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

"ஒரு வருஷமாவாய்யா இத வெச்சுகிட்டு சுத்தற? தூக்கி எறிஞ்சிருக்கலாமே?"

"ரெண்டு தடவ எறிஞ்சேன். ரெண்டு தடவயும் குப்பைல எறங்கித் தேடி எடுத்தேன். நீ வண்டிய எடு."

அந்த வாரப் போட்டிக்கு வேறு நடுவரை ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு மினசோட்டாவில் இருக்கிற டுலூத்துக்கு ஓட்டினேன். கோரின் அங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள் என்று வெண்டல் விசாரித்து வைத்திருந்தான். ஞாயிறு நண்பகல் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்குப் பக்கத்துத் தெரு, தரைத்தள வீடு. கதவைத் திறந்தவள் கையில் ஊன்றுகோல் இருந்தது. வெண்டலை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா. இவ்ளோ குட்டையா நீங்க? அன்னிக்குக் கீழேருந்து பாத்தப்போ ஊர் தண்ணித் தொட்டி மாதிரி தெரிஞ்சீங்க."

வெண்டல் தொப்பியைக் கழற்றினான். "நாங்க முன்னாடியே ஃபோன் பண்ணியிருக்கணும்," என்று நான் ஆரம்பித்தேன். அவள் பார்வை சட்டென்று என்மேல் திரும்பியது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். 'இதுதான்டா டாமரக்.' நீங்கதான அது?"

ஆமாம் என்றேன்.

"மறுநாள் பஸ்ல உங்க டேப்பப் போட்டாங்களாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். ஃப்ரெண்டு ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, 'உன்னைப் பத்தி எப்படிப் பேசியிருக்கார் தெரியுமா'ன்னு அழுதா. அப்போதான் எனக்கு ஊசி போட்டு முடிச்சிருந்தாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "உள்ள வாங்க. ரொட்டி வாட்டிட்டிருந்தேன்."

நான் வெறும் ஓட்டுநராக வந்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் நாற்காலியில் உட்கார அவள் உடம்பை இரண்டு தவணையாக இறக்க வேண்டியிருந்தது. வெண்டல் கை நீட்டினான். "வேணாம்," என்றாள். அவன் கையை மடக்கிக்கொண்டு, மற்றக் கையால் டேப்பை மேசைமேல் வைத்தான். பேட்டரி கதையை, காலுறைக் கதையை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். அவள் அலமாரியில் இருந்த ரேடியோப் பெட்டியைக் காட்டினாள். நான் எடுத்து வந்து டேப்பைப் போட்டேன்.

பித்தளை முழக்கம், காற்று, புல்லில் காலடிகள். நடுவே வெண்டலின் குரல், குதூகலமாக: "இதோ, இதத்தான் கேட்டேன். கால் முழு வேலை, கை முழு வேலை, ரெண்டும் ஒண்ணா. அருமை, அரு..." பிறகு ஒரு மொத்துச் சத்தம். மரச்சட்டம் தரையில் உரசுகிற சத்தம். பிறகு, மைக்குக்கு மிக அருகில், மூச்சு வாங்குகிற ஒரு பெண்குரல்:

"சார்... என்னால எழுந்திரிக்க முடியல. யாரையாச்சும் கூப்பிடுங்க. சார், ப்ளீஸ்."

அதற்குப்பின் மூன்று வினாடி. டிரம்கள் மட்டும். நான்கு அடி, ஓட்டை. நான்கு அடி, ஓட்டை.

பிறகு வெண்டல், நிதானமான நடுவர் குரலில்: "பெரிய டிரம்ல அஞ்சாவது அடி விட்டுப்போகுது. ஓட்டை நல்லாத் தெரியுது." மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், அடுத்தது தாழ்ந்து கேட்டது: "எழுந்திரு. எழுந்திரும்மா. உன் எடத்துக்குப் போ." இன்னும் கொஞ்சம் ஓடி, மறுபடி பழைய குரல்: "வந்துட்டா. நல்லது. இதுக்கு நம்பர் உண்டு."

கோரின் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

"அப்போ நான் உதவி கேட்டிருக்கேன்," என்றாள்.

"கேட்டே," என்றான் வெண்டல்.

"கேட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீல் சொன்னாரு, வலி மருந்துல கனவு கண்டிருப்பேன்னு. எங்கம்மா சொன்னாங்க, நீ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், விழுந்தா யாரும் தொடறதுக்குள்ள எழுந்திடுவேன்னு. பெருமையா சொன்னாங்க. கொஞ்ச நாள்ல நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். என் திமிராலதான் என் கால் போச்சுன்னு." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மூணு செகண்டுல என்ன சார் நெனச்சீங்க?"

"தெரியலம்மா."

"தெரியும் உங்களுக்கு."

ஏரிப்பக்கம் ஒரு கப்பல் ஊதியது. வெண்டல் ரேடியோப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஷோ நின்னா, ஏன் நின்னுதுன்னு கேப்பாங்க. நடுவர் போய் குறுக்க நின்னாருன்னு வரும். நீ எழுந்துட்டேன்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். அத நெனச்சேன்."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், கடையில் யாரோ தன் கண்ணாடியின் அளவைச் சொன்னதைக் குறித்துக்கொள்கிற மாதிரி.

"இத அப்படியே எங்க அணி கமிட்டி முன்னாடி சொல்லுவீங்களா? நீல் இருக்கும்போது?"

"சொல்றேன்."

"மன்னிப்பு கின்னிப்பு எங்கிட்ட எதிர்பாக்காதீங்க. அது இல்ல எங்கிட்ட இப்போ."

"அதுக்கு வரலம்மா."

"சரி. டேப் எங்கிட்ட இருக்கட்டும். கெளம்புங்க."

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வெண்டல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு மணி நேரம் கழித்து, "ரேடியோ வேணும்னா போட்டுக்கோ," என்றான். நான் போடவில்லை.

அக்டோபரில் மினசோட்டாவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் டாமரக்கின் கமிட்டி கூடியது. பதினான்கு பேர், மடக்கு நாற்காலிகள். நானும் போயிருந்தேன். கோரின் அதே ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஓடவிட்டாள். "ப்ளீஸ்" என்ற இடத்தில் அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பிறகு வெண்டல் எழுந்து, சமையலறையில் சொன்னதைச் சொன்னான். அங்கே சொல்லாத ஒன்றையும் சேர்த்தான். ஓட விட்டால் எண் வருமா என்று நீல் கேட்டதாகவும், வரும் என்று தான் சொன்னதாகவும்.

நீல் ஸ்டாங் தலை குனிந்தபடி இருந்தான். "சொன்னது அவரு. ஓட விட்டது நான்," என்றான் கடைசியில். "ரெண்டே வாரந்தான் பழக்கினேன். ஒரு மாசம் வேணும் அதுக்கு. தெரிஞ்சேதான் செஞ்சேன்." பிறகு கோரினைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். அவள் ரேடியோப் பெட்டியின் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

கமிட்டி அவளுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தது. நீ உதவி கேட்டாய், யாரும் உதவவில்லை என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்றாள். அப்படியே எழுதினார்கள். டாமரக்கில் யார் விழுந்தாலும் அந்த வரிசை வாசிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நீல் அந்த வருஷத்தோடு விலகிவிட்டான்.

வெண்டல் அதற்குப் பிறகு மைதானத்தில் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் வாத்தியக் குழுவை நடத்தினான். காதில் கேட்டுக்கொண்டே இருந்த அந்த ஓட்டை விழுந்த டிரம் சத்தம் நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னான். ஆனால் யாராவது அவனை ஏதாவது கேட்டால் பதில் வர நேரமாகிறது. காது மந்தமாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவன் மனைவி டாக்டரிடம் கூட்டிப் போனாள். காதில் ஒரு கோளாறும் இல்லை. "கேக்குது," என்றான் என்னிடம் ஒருநாள் தொலைபேசியில். "கேட்ட உடனே, நான் என்ன பண்ணுவேனோன்னு ஒரு பயம் வருதுய்யா. அது போனப்புறம்தான் வாய் தெறக்குது."

நான் இன்னும் ஒரு கோடை கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். முடியவில்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால் பேச்சு வரவில்லை. நேரம் பார்க்கிற வேலைக்கு மாற்றித் தரச் சொன்னேன். மைதானத்தின் ஓரத்தில், நிறுத்துகடிகாரத்தோடு நிற்பது. அணி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அதை எழுதிக் கொடுத்தால் போதும்.

தொண்ணூற்றொன்பதில் அயோவாவில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது கோரினைப் பார்த்தேன். மாடத்தின் கீழ்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்திருந்ததாம், கையில் ஊன்றுகோல் இல்லை. மூன்று அணிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பெரிய டிரம்கள் ஓடும்போது அவள் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. அடுத்தது டாமரக் என்று அறிவித்ததும் எழுந்து படி இறங்கினாள். என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. நீ?"

"மழை வந்தா மட்டும் இழுக்கும்." மைதானத்தின் வாசலில் டாமரக் பிள்ளைகள் வரிசை கட்டுவதைப் பார்த்தாள். வெண்டலைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "கடிகாரத்தப் பாருங்க, அவங்க உள்ள வந்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு, வண்டிகள் நிற்கிற பக்கம் நடந்தாள்.